தாடியில்லாத ராமசாமி
(அனந்தபுரம் பொதுக்கூட்டத்தில் ஓமந்தூராரைப் பற்றிச் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச வேண்டுமென்று கூட்டத்தார் குறித்துக் கொடுத்திருக்கிற விஷயம் "ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் அவரது ஆட்சியும்" என்பதாகும். நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் என்னிடம் வந்து, "அவர் காங்கிரஸ்காரர்; கதர் கட்டியவர்; நெற்றியும் நினைப்பும் சாமியாகவே இருந்தவர்; அவரைப் பற்றி நம் மேடையில் என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். ஆனால் ஒருவன் நம் கூட்டத்தானா, பிறத்தியானா என்று பார்த்துப் புகழுவதும் வைவதும் ஜாதிப் புத்தியே தவிர அறிவாகாது. அவன் கையில் அதிகாரம் இருந்த காலத்தில் என்ன செய்தான், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பதுதான் அறிவு. மளிகைக் கடைக்காரன் நமக்கு மாமனாக இருந்தாலும் தராசைப் பார்த்துத்தானே புளி வாங்குகிறோம்? மந்திரி விஷயத்தில் மாத்திரம் தராசு வேண்டாமென்றால் எப்படி?

நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. நாலு புஸ்தகத்தைப் படித்து, நாற்பது பேரைக் கேட்டு, எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறேன். நீங்களும் சொன்னதைச் சொன்னபடியே நம்பிக்கொண்டு போகாமல் வழி நெடுக யோசித்துக்கொண்டு போங்கள்.

இன்று நம் பக்கத்து ஜனங்களில் எத்தனையோ பேர் பெரிய வியாதி என்றால் சென்னைக்குப் போய் "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி"யில் காட்டிக்கொண்டு வருகிறார்கள். 2010ல் புதுத் தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்டு, 2014ல் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்ட அந்தக் கட்டிடம் இருக்கும் இடத்துக்குத்தான் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர். ஓமந்தூரார் என்பது ஒரு டாக்டரின் பெயரா, ஊரின் பெயரா, தர்மம் கொடுத்த சீமானின் பெயரா என்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவரைக் கேட்டால் விழிக்கிறார். திண்டிவனம் பக்கத்து ஆளை, திண்டிவனத்துக்காரருக்கே தெரியவில்லை. ஆகவே முதலில் ஆளைச் சொல்லுகிறேன்.

ஆள் யார்?

1895ம் வருஷம் பிப்ரவரி 1ந்தேதி, அன்றைய தென்னார்க்காடு ஜில்லா, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர். பி.ஏ., எம்.ஏ. என்று வால் கிடையாது. சீமைக்குப் போய் வந்தவரல்ல. காங்கிரசில் சேர்ந்து உழைத்து, தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தவர். திருவண்ணாமலை ரமண ரிஷியிடத்திலும், வடலூர் ராமலிங்க சுவாமிகளிடத்திலும் பக்தி கொண்டவர். இதை நான் ஒளிக்கப் போவதில்லை.

இவர் உட்கார்ந்த நாற்காலி எப்பேர்ப்பட்டது என்பதையும் பாருங்கள். 1920ல் சென்னை மாகாணத்தில் முதல் மந்திரிசபை ஏற்பட்டபோது அதற்குத் தலைமை வகித்தவரும் நம் தென்னார்க்காட்டுக்காரரே. கடலூர் சுப்பராயலு ரெட்டியார். அவர் வக்கீல். அவருக்குப் பிறகு பனகால் ராஜா, டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி ராஜா, ராஜகோபாலாச்சாரியார், பிரகாசம் என்று ராஜாக்களும் ஜமீன்தாரரும் வக்கீல்களும் பாரிஸ்டரும் வந்து உட்கார்ந்த இடம் அது. அந்த வரிசையில் 1947ம் வருஷம் மார்ச் 23ந்தேதி ஏர்பிடித்த வீட்டு மனிதர் ஒருவர், காலேஜ் பட்டமில்லாமல் வந்து உட்கார்ந்தார். அன்று சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல. விசாகப்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும், மேற்கே மங்களூர் வரைக்கும், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு பாஷைக்காரர்கள் இருந்த பெரும் பிரதேசம். வெள்ளைக்காரன் போன 1947 ஆகஸ்ட் 15ந்தேதி இந்த மாகாணத்துக்குப் பிரதம மந்திரியாக இருந்தவர் இவர்தான். அந்தக் காலத்தில் மாகாணத்துக்கும் பிரதம மந்திரி என்றே பெயர். முதல் மந்திரி என்ற பெயர் 1950ல் அரசியல் சட்டம் வந்த பிறகு ஏற்பட்டது.

எப்படி வந்தார்? பிரகாசம் மந்திரிசபை மீது அவருடைய சொந்தக் கட்சி மெம்பர்களே நம்பிக்கையில்லை என்று சொல்லி இறக்கினார்கள். காமராஜர் முதலானவர்கள் இவரை நிறுத்தினார்கள். நாற்காலிக்காக இவர் வரிந்துகட்டிக்கொண்டு நின்றவரல்ல. ஆனால் எந்தக் கட்சிக் கூட்டம் ஏற்றிற்றோ அந்தக் கூட்டமே இறக்கவும் முடியும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இரண்டு வருஷக் கணக்கு

அவர் அதிகாரத்தில் இருந்தது 1949ம் வருஷம் ஏப்ரல் 6ந்தேதி வரை. மொத்தம் இரண்டு வருஷமும் பதினைந்து நாளும்தான். அதற்குள் நடந்ததைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கோயில் பிரவேசம். 1939ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார்களையும் வைத்தியநாதய்யர் அழைத்துக்கொண்டு போன பிறகு ஆச்சாரியார் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அது கோயில் தர்மகர்த்தாக்கள் இஷ்டப்பட்டால் திறக்கலாம், திறந்தவர்கள் மேல் வழக்கு வராது என்கிற மாதிரியான சட்டம். அதாவது கதவின் சாவி பழைய ஆள் கையிலேயே இருந்தது. 1947ல் ஓமந்தூரார் சர்க்கார் செய்த ஐந்தாவது நம்பர் சட்டம் அப்படியல்ல. எந்த ஜாதியானாலும், எந்தப் பிரிவானாலும் இந்து என்று சொல்லப்படுகிற எவரும் உள்ளே போகலாம், மற்றவர்கள் கும்பிடுகிற மாதிரியே கும்பிடலாம், தடுப்பது குற்றம் என்று சொல்லிற்று. தயவாக இருந்தது பாத்தியமாக ஆயிற்று.

இங்கே ஒரு தோழர், "சாமியே இல்லை என்கிற உனக்குக் கோயில் திறந்தால் என்ன, மூடினால் என்ன?" என்று கேட்கக்கூடும். எனக்கு உள்ளே போக வேண்டியதில்லை என்பது வேறு. நீ உள்ளே வரக்கூடாது என்று இன்னொருவன் சொல்லுவது வேறு. எனக்குப் பசியில்லை என்று நான் சாப்பிடாமல் இருக்கலாம். உனக்குச் சோறு போடமாட்டேன், நீ தீண்டத்தகாதவன் என்று ஒருவன் இலையைப் பிடுங்கினால் அது பசி விஷயமல்ல, மான விஷயம்.

இரண்டாவது, பொட்டுக்கட்டு ஒழிப்பு. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரு சிறு பெண்ணைக் கோயிலில் நிறுத்தி, சாமிக்குக் கலியாணம் என்று தாலி கட்டி, பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அவளை விட்டுவிடுவதற்குத் தர்மம் என்றும் சாஸ்திரம் என்றும் பெயர் இருந்தது. சட்டசபையில் மெம்பராக வந்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927ல் இதற்குத் தீர்மானம் கொண்டு வந்தார். 1929ல் ஒரு சட்டத் திருத்தம் ஆயிற்று. கோயில் ஊழியத்துக்கென்று அந்தப் பெண்கள் அனுபவித்து வந்த மானிய நிலம், ஊழியத்தை விட்டால் போய்விடும் என்கிற பயம் இருந்தது. அந்த முடிச்சை அந்தத் திருத்தம் அவிழ்த்தது. ஆனால் பொட்டுக்கட்டுவதை அடியோடு நிறுத்தும் சட்டம் வராமல் இருபது வருஷம் இழுத்தது. மூவலூர் ராமாமிர்தத்தம்மாள் போன்றவர்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார்கள். 1936ல் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதி வெளியிட்டார்கள். கடைசியில் 1947ல், ஓமந்தூரார் காலத்தில், முப்பத்தோராவது நம்பர் சட்டம் நிறைவேறிற்று. பொட்டுக்கட்டுவது சட்ட விரோதமாயிற்று. பொட்டுக் கட்டப்பட்ட பெண் மற்றப் பெண்களைப் போலக் கலியாணம் செய்துகொள்ளலாம், அது செல்லும் என்றும் ஆயிற்று.

மூன்றாவது, ஜமீன் ஒழிப்பு. 1802ல் கும்பினியார் காலத்தில் சாசுவத நிலவரித் திட்டம் என்று செய்து, ஜமீன்தார் சர்க்காருக்கு இவ்வளவு கட்டினால் போதும், குடிகளிடம் வசூலிப்பது அவன் பாடு என்று விட்டுவிட்டார்கள். சர்க்காருக்குக் கட்டுவது ஏறாது. குடியானவன் கட்டுவது மட்டும் ஏறும். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த இந்த வியாபாரத்துக்கு 1947ல் குத்தகைக் குறைப்புச் சட்டம் முதல் அடி கொடுத்தது. ஜமீன் கிராமத்துக் குடியானவன் கட்டும் தொகையைப் பக்கத்து ரயத்துவாரி கிராமத்தான் கட்டும் அளவுக்கு இறக்குவதே அதன் வேலை. 1948ல் வந்த இருபத்தாறாவது நம்பர் சட்டம் ஜமீனையே சர்க்கார் எடுத்துக்கொண்டு, குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுக்கும்படி செய்தது.

நாலாவது, வகுப்புவாரி உத்தியோகம். 1928 வாக்கில் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்தபோது நடைமுறைக்கு வந்த கம்யூனல் ஜி.ஓ.வின்படி, உத்தியோகம் 12 என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, ஆதிதிராவிடருக்கு 1. 1947 நவம்பரில் ஓமந்தூரார் சர்க்கார் இதை 14 ஆக மாற்றிற்று. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட வகுப்பு இந்துக்களுக்குத் தனியாக 2, ஆதிதிராவிடருக்கு 2, பார்ப்பனருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிமுக்கு 1. பிற்பட்டவர் என்று ஒரு வகுப்பைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியது இதில்தான். ஆதிதிராவிடர் பங்கு நூற்றுக்கு எட்டிலிருந்து பதினாலுக்கு உயர்ந்தது. பார்ப்பனர் பங்கு பதினாறிலிருந்து பதினாலுக்கு இறங்கிற்று. இது நமக்குச் சந்தோஷம். ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா? முஸ்லிம்களின் பங்கும் கிறிஸ்தவர்களின் பங்கும் பன்னிரண்டில் இரண்டாயிருந்தது பதினாலில் ஒன்றாயிற்று. பாதிக்குமேல் போய்விட்டது. தேசம் இரண்டான அந்த வருஷத்தில் அதைக் கேட்பாரில்லை. நமக்கு லாபம் வந்த ஏட்டிலேயே பக்கத்து வீட்டானுக்கு நஷ்டமும் எழுதியிருந்தால் அதையும் படிப்பவன்தான் நாணயஸ்தன்.

இந்த உத்தரவைச் சென்னை ஹைகோர்ட் 1950லும், சுப்ரீம் கோர்ட் 1951லும் செல்லாது என்று சொல்லிவிட்டன. நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே 1951ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இன்று உங்கள் பிள்ளை மெடிக்கல் காலேஜில் ஒரு இடம் வாங்கினால், அந்த இடத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

ஐந்தாவது, கோயில் சொத்து. பனகால் ராஜா காலத்துச் சட்டத்தால் ஏற்பட்ட போர்டு கோயில் கணக்கைப் பார்த்துவந்தது. போர்டு போதாது, சர்க்கார் இலாகாவே பார்க்க வேண்டும் என்று ஓமந்தூரார் சர்க்கார் மசோதா கொண்டு வந்தது. உடனே கிளம்பிற்று பார்க்க வேண்டும் கூச்சல்! மதம் போயிற்று, தர்மம் போயிற்று என்றார்கள். விபூதி பூசிய பக்தரை நாஸ்திகர் என்றார்கள். ஈரோட்டு ராமசாமிக்குத் தாடி இருக்கிறது, இவர் தாடியில்லாத ராமசாமி, வித்தியாசம் அவ்வளவுதான் என்று பெயர் வைத்தார்கள். வசவாகச் சொன்னது அவருக்குப் பட்டமாக நின்றுவிட்டது. அந்த மசோதா அவர் போன பிறகு 1951ல்தான் சட்டமாயிற்று.

இவை தவிர, 1948 அக்டோபர் 2ந்தேதி முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பாரதியார் பாடல்களின் உரிமை ஒரு சினிமா முதலாளியின் கையில் இருந்ததை 1949ல் சர்க்கார் வாங்கிற்று.

செலவுப் பக்கம்

வரவை மட்டும் வாசித்துவிட்டு ஏட்டை மூடினால் அது கணக்கல்ல. யாரோ ஒரு தோழர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். "1948ல் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது யார்? 1948ல் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கொண்டுவந்தது யார்?" என்று எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஓமந்தூரார் சர்க்கார்தான்.

1948 மார்ச்சில் கருஞ்சட்டைத் தொண்டர்படை சட்டவிரோதம் என்று உத்தரவு போட்டார்கள். காந்தியாரைச் சுட்டவன் எந்தச் சட்டை போட்டவன் என்று உலகத்துக்கே தெரியும். அந்த ஜனவரி 30ந்தேதிக்குப் பிறகு தடைக்காலம் வந்தபோது, அதற்குச் சம்பந்தமே இல்லாத கறுப்புச் சட்டையும் சேர்ந்து மாட்டிற்று. 1938ல் ஆச்சாரியார் இந்தியைப் புகுத்தி, சிறையிலிருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939ல் உயிரைவிட்டு, 1940ல் அந்த உத்தரவு வாபசான பிறகு, அதே பாடத்தை 1948ல் மறுபடியும் பிள்ளைகள் தலையில் கட்டப்பார்த்தார்கள். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி மந்திரி. இலாகா அவருடையது என்று சொல்லிப் பிரதம மந்திரி தப்ப முடியாது. மறியல் நடந்தது; ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஜமீன் ஒழிப்பிலும் ஒரு குறை உண்டு. ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. பட்டாவுக்குப் பாத்தியப்பட்ட குடியானவனுக்குப் பட்டா கிடைத்தது. ஆனால் அந்தக் குடியானவனிடம் கூலிக்கு உழுத, நாற்று நட்ட, களை பறித்த ஆதிதிராவிடத் தோழனுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு குழி நிலமும் வரவில்லை. மேல்தட்டை எடுத்தார்கள், அடித்தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே அவரை மகான் என்று நான் சொல்லவில்லை. மகான் என்று சொன்னால் குற்றத்தை மறைக்க வேண்டிவரும். துரோகி என்று சொன்னால் நன்மையை மறைக்க வேண்டிவரும். இரண்டும் நமக்கு வேண்டாம். கோயிலைத் திறந்த கையும், பொட்டுக்கட்டை நிறுத்திய கையும், கருஞ்சட்டையைத் தடுத்த கையும் ஒரே மனிதருடைய கைதான்.

பக்தியா, பிரசாரமா?

இன்னொரு சீட்டும் வந்திருக்கிறது. "அவர் நேர்மையாயிருந்ததற்கும் நல்ல சட்டம் செய்ததற்கும் அவருடைய தெய்வ பக்திதானே காரணம்? இதற்கு என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்கிறார்.

அவர் பக்திமான் என்பது வாஸ்தவம். அவரை எதிர்த்தவர்கள் யார்? அவர்களும் பக்திமான்கள்தானே? கோயிலைத் திறக்கக் கூடாது என்றவனும் பக்தன். பொட்டுக்கட்டு தெய்வத் தொண்டு என்றவனும் பக்தன். கோயில் கணக்கைக் கேட்காதே என்றவனும் பக்தன். ஒரே மருந்தைச் சாப்பிட்ட பத்துப் பேரில் ஒருவனுக்கு மட்டும் ஜுரம் விட்டால், விட்டது மருந்தினால்தான் என்று எந்த வைத்தியன் சொல்லுவான்? ஜாதி வேண்டாம், பசித்தவனுக்குச் சோறு போடு என்று சொன்ன வள்ளலாரை அவர் பிடித்துக்கொண்டார் என்பதையும் நான் ஒப்புக்கொள்ளுகிறேன். அங்கேயும் அவருக்கு உதவியது அந்தச் சொல்லின் நியாயமே ஒழிய, தீபத்தின் வெளிச்சமல்ல.

அதோடு, 1927ல் முத்துலட்சுமி அம்மையார் கேட்டதை 1947ல் செய்ய முடிந்தது ஏன்? நடுவிலுள்ள இருபது வருஷம் ஊர் ஊராக மேடை போட்டு, கல்லடியும் சாணியடியும் வாங்கிப் பேசியவர்கள் ஜனங்களின் மனதை உழுது வைத்தார்கள். உழுத நிலத்தில் விதைப்பது ஒரு நல்ல சம்சாரிக்குச் சுலபம். ஓமந்தூரார் நல்ல சம்சாரி. ஆனால் ஏர் ஓட்டியவர்கள் வேறு பலர். சட்டம் மந்திரியின் கையெழுத்தினால் பிறக்கிறது என்று நினைக்காதீர்கள்; அது பிறப்பதற்கு முன் பல வருஷம் ஜனங்களிடத்தில் வளருகிறது.

நாற்காலி ஏன் போயிற்று?

இனி, அவர் ஏன் இறங்கினார் என்பதைப் பார்ப்போம். சிபாரிசு, மாற்றல், பெர்மிட், காண்ட்ராக்ட் என்று கட்சிக்காரர்கள் வந்து நின்றால், அதிகாரிகள் வேலையில் தலையிடாதே என்று சொல்லக்கூடிய சுபாவம் அவருக்கு. யுத்தம் முடிந்து, அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் இருந்த காலம் அது. ஒரு துண்டுச் சீட்டுக்குப் பணமாக மாறும் சக்தி இருந்தது. அந்தச் சீட்டை எதிர்பார்த்து வந்த கட்சி மெம்பர்களுக்கு இவர் உபயோகப்படவில்லை. கோஷ்டி சேர்ந்தது. நிறுத்தி வைத்தவர்களும் கைவிட்டார்கள். 1949 ஏப்ரலில் ராஜீனாமா செய்தார். குமாரசாமி ராஜா வந்தார்.

அமெரிக்காவில் இல்லினாய் என்று ஒரு ராஜ்யம். சிக்காகோ பட்டணம் இருக்கிற ராஜ்யம். அங்கே கவர்னர் என்றால் நம் ஊரைப்போல டில்லியிலிருந்து அனுப்பப்படுகிற அலங்காரமல்ல. ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். 1893ல் அங்கே ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் என்பவர் கவர்னரானார். ஜெர்மனியில் பிறந்து, குழந்தையாய் வந்து, ஏழைக் குடியானவன் வீட்டில் வளர்ந்து, பெரும்பாலும் தானே படித்து முன்னுக்கு வந்தவர். எட்டுமணி வேலைக்காகத் தொழிலாளர் கிளர்ந்த 1886ல் சிக்காகோவில் குண்டு வெடித்த வழக்கில் எட்டுப் பேரைத் தண்டித்து, நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். நாம் மே தினம் கொண்டாடுகிறோமே, அந்தக் கதைதான். மிச்சமிருந்த மூன்று பேரை, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று விவரமாக எழுதி 1893ல் விடுதலை செய்தவர் இந்த ஆல்ட்கெல்ட். பத்திரிகைகள் அவரைத் தூற்றின. 1896 தேர்தலில் தோற்றார்.

இரண்டு பேரும் நியாயம் என்று பட்டதைச் செய்து நாற்காலியை இழந்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆல்ட்கெல்டை இறக்க எதிரிகள் நாலு வருஷம் காத்திருந்து, ஜனங்களிடம் வந்து ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஓமந்தூராரை இறக்க ஒரு கட்சிக் கூட்டம் போதுமானதாக இருந்தது. அனந்தபுரத்தானையும் கேட்கவில்லை, செஞ்சியானையும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்தச் சட்டசபையைத் தேர்ந்தெடுத்த 1946 தேர்தலில் சொத்தும் படிப்பும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. கூலிக்காரனுக்கு ஓட்டே கிடையாது. நம் தாத்தாமார் ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை, வேடிக்கை பார்த்தார்கள். இன்று உங்கள் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. இருந்தும் ஒரு ரூபாய் நோட்டுக்கும் ஒரு ஜாதிப் பேச்சுக்கும் அதை விற்றுவிட்டு வேடிக்கைதான் பார்ப்பதென்றால், அந்த ஓட்டு வந்து என்ன பிரயோஜனம்?

ராஜீனாமாவுக்குப் பிறகு அவர் மறுபடியும் மந்திரி நாற்காலியைத் தேடி அலையவில்லை. வடலூருக்குப் போய், சுத்த சன்மார்க்க நிலையம் என்று ஏற்படுத்தி, ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுப்பதில் காலத்தைச் செலுத்தினார். 1970 ஆகஸ்ட் 25ந்தேதி காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! இதுவெல்லாம் பழங்கதை என்று எழுந்துவிடாதீர்கள். 1947ல் சட்டம் போட்டுத் திறந்த கதவு திறந்துதான் இருக்கிறதா? ஓமந்தூரார் பிறந்த இதே ஜில்லாவில், விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி என்ற கிராமத்தில், 2023ம் வருஷம் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் வந்ததைத் தடுத்துத் தகராறு ஆகி, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஹைகோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போனார்கள். சட்டம் வந்து 78 வருஷம் கழித்து, திண்டிவனத்தானின் சட்டத்தை விழுப்புரத்தில் அமல் நடத்தப் போலீஸ் வேண்டியிருந்தது! இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் உள்ளே போனவர்களா, வழிமறித்தவர்களா? வழிமறித்தவனும் பார்ப்பனனல்ல, நம்மைப் போன்ற சூத்திரன்தான் என்பதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால், நான் பேசியது அத்தனையும் வெறும் கைதட்டலுக்குப் பேசியதாகும். மேலே இருப்பவன் நம்மை மிதிக்கிறான் என்று அழுகிறோம்; நம் காலின் கீழே யார் இருக்கிறான் என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தோமா?

ஆதலால் நீங்கள் வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்கள் உங்கள் ஊரில் கோயில், குளம், சுடுகாட்டுப் பாதை, டீக்கடை பெஞ்சு ஆகிய நாலையும் போய்ப் பாருங்கள். எவனையாவது தடுக்கிற இடம் இருந்தால் அதை எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு தாசில்தாருக்குக் கொடுங்கள். கோபத்தோடு தடியெடுக்க வேண்டாம்; சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை எடுத்துக் காட்ட ஆள்தான் வேண்டும். இரண்டு, இனிமேல் எந்தக் கட்சிக்காரன் ஓட்டுக்கு வந்தாலும், அவன் ஜாதி என்ன, கொடி என்ன, கும்பிடு எவ்வளவு தாழ்ந்தது என்று பாராமல், இரண்டு வருஷத்தில் ஓமந்தூரார் இவ்வளவு செய்தார், இவ்வளவு பிழையும் செய்தார். ஐந்து வருஷத்தில் நீ என்ன செய்தாய், உன் ஏட்டைக் காட்டு என்று கேளுங்கள்.

கேட்பவன் இருந்தால்தான் கணக்கு எழுதுபவன் ஒழுங்காக எழுதுவான்.